சோற்றுக்குப் பதில் ஒரு டம்ளர்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் பஸ்ஸில் போகிறவர்கள் சிறிது நேரத்துக்குள் இரண்டு விதமான உலகங்களைப் பார்த்துவிடலாம். முதலில் இடது கைப்புறமாக ஆரோவில்லுக்குப் போகும் பாதை பிரிகிறது. 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் தேதி அந்த நகரத்தின் தொடக்க விழா நடந்தபோது அங்கே இருந்தது மழை அரித்த செம்மண் மேடு. இன்று இருப்பது காடு. அதையும் தாண்டி வெகுதூரம் சென்றால் மரக்காணம் வருகிறது. பெயரில்தான் மரம் இருக்கிறதே தவிர, அவ்வூர் உப்பளத்தின் நடுவே நின்று பார்த்தால் நிழலுக்கு ஒதுங்க ஒரு மரத்தைக் காண முடியாது. பாத்தி பாத்தியாக உப்பு நீர் தேங்கி நிற்கும். வரப்புகளில் வெள்ளைக் குவியல்கள் கண்ணைப் பறிக்கும். வெறுங்காலுடன் மனிதர்கள் உப்பை வாரிக்கொண்டிருப்பார்கள்.

என் தமக்கை வாழ்க்கைப்பட்டிருப்பது அந்த மரக்காணத்தில்தான். அக்கா வீட்டுக்குப் போவதென்றால் முதல் நாள் இரவே அரை வயிறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது என் வழக்கம். "போதும் அக்கா" என்ற வார்த்தைக்கு அந்த வீட்டில் அர்த்தமே கிடையாது. ஆனால் சென்ற கோடையில் நான் போனபோது ஓர் அதிசயத்தைக் கண்டேன். எனக்கு இலை போட்டுச் சோறும் மீன் குழம்பும் பரிமாறிவிட்டு, அக்கா ஒரு டம்ளருடன் எதிரே உட்கார்ந்தாள். டம்ளரில் ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது.

"என்ன அக்கா, விரதமா?" என்று கேட்டேன்.

"விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை. இதுதான் என் சாப்பாடு, தம்பி. காலையில் இது, மத்தியானம் இது, ராத்திரியும் இதுதான். சர்க்கரை வியாதியே போய்விடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்" என்றாள்.

அலமாரியில் ஒரு பெரிய டப்பா இருந்தது. அதன்மேல் மெலிந்த பெண்மணி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். தெரிந்தவர் ஒருவர் மூலமாக வாங்கியதாம். விலையைக் கேட்டேன். உப்பளத்தில் வேலை செய்கிற ஒருவரின் பல நாட் கூலி அது.

மூன்றாம் நாள் காலையில் கிணற்றடியிலிருந்து மாமாவின் கூக்குரல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். அக்கா துவைக்கிற கல்லின்மேல் சாய்ந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கைகள் நடுங்கின, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தது. நல்ல வேளையாக விழுங்கும் நினைவு இருந்தது. மாமா மூன்று கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார். கால் மணி நேரத்தில், "எனக்கு என்ன ஆயிற்று?" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

அன்று மாலை வைத்தியரிடம் அழைத்துப் போனோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சோற்றை நிறுத்தினீர்களே அம்மா, மாத்திரையை என்ன செய்தீர்கள்?" என்றார்.

"அதை ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை, டாக்டர்" என்று அக்கா பெருமையோடு சொன்னாள்.

"அதுதான் விஷயம்" என்றார் வைத்தியர். அக்கா சாப்பிட்டு வந்தது கிளைமெபிரைட் என்னும் மாத்திரை. வயிற்றில் ஆகாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கணையத்தை உசுப்பி இன்சுலினைச் சுரக்கச் செய்யும். உணவு பாதிக்கும் கீழே குறைந்து, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால், இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.

எனக்குக் கோபம் வந்தது. "அப்படியானால் இந்த டப்பா வியாபாரமே மோசடிதானே?" என்று கேட்டேன்.

வைத்தியர் தலையை அசைத்தார். "மோசடி என்று சொல்லிவிட முடியாது. முறையாகக் கையாண்டால் இது ஒரு வைத்தியம். வைத்தியத்தை மளிகைச் சாமான் போல வாங்கியதுதான் தவறு" என்றார்.

இந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. ஊர் திரும்பியதும் இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தெரிந்துகொண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது என் கடமை என்று நினைக்கிறேன். ஏனெனில் இது என் அக்கா ஒருத்தியின் கதையல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் 2008 முதல் 2020 வரை எடுத்த கணக்கு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். வயது வந்தவர்களில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். புதுச்சேரியிலோ 26.3 சதவீதம்! கோவாவுக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே அதிகமான விகிதம் அதுதான். அந்த ஊரில் சராசரியாக நாலு பெரியவர்களில் ஒருவருக்கு நீரிழிவு என்று சொல்லலாம்.

முற்றுகையில் கண்ட உண்மை

ஆகாரத்தைக் குறைத்தால் நீரிழிவு தணியும் என்பது புதிய செய்தியல்ல. 1870-ஆம் ஆண்டில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டன. நகரத்துக்குள் உணவுப் பொருள் வருவது நின்றது. ஜனங்கள் அளவு ரொட்டியில் காலம் தள்ளினார்கள். அந்தத் துன்ப காலத்தில் பூஷார்தா என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு விந்தையைக் கவனித்தார். அவருடைய நீரிழிவு நோயாளிகள் சிலருடைய சிறுநீரில் சர்க்கரையே காணப்படவில்லை! அவர்களுக்குப் புது மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. பசிதான் மருந்தாக இருந்தது.

நம் நாட்டு வைத்தியர்களும் இதை அறிந்தவர்களே. சரக சம்ஹிதை பிரமேக நோயாளிகளைப் பருத்தவர் என்றும் மெலிந்தவர் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. பருத்தவருக்கு இளைக்கச் செய்யும் சிகிச்சை. மெலிந்தவருக்குப் போஷிக்கும் சிகிச்சை. இருவருக்கும் ஒரே பத்தியம் ஆகாது என்பது அதன் கருத்து. இந்த எச்சரிக்கையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

பதினோரு பேரும் முந்நூறு பேரும்

பூஷார்தா கண்டதைத் தற்காலக் கருவிகளால் சோதித்தவர் இங்கிலாந்தில் நியூகாசில் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராய் டெய்லர். 2011-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய பரீட்சையில் கலந்துகொண்டவர்கள் பதினோரு பேர்தான். எட்டு வாரம் அவர்களுக்குக் கிடைத்த ஆகாரம் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி. அதில் பெரும்பகுதி மாவைக் கரைத்த பானம், மீதி காய்கறி. ஒரே வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. எட்டு வாரத்தில் கணையம் மறுபடியும் ஒழுங்காக இன்சுலினைச் சுரக்கத் தொடங்கிற்று.

இதற்கு டெய்லர் கூறும் காரணம் எளிதானது. வீட்டில் பத்தாயம் நிறைந்துவிட்டால் மீதி நெல்லைக் கூடத்தில் கொட்டுகிறோம். கூடமும் நிறைந்தால் சமையலறையில் கொட்டுகிறோம். பிறகு அடுப்பு மூட்ட இடமில்லாமல் போகிறது. சரீரமும் அப்படித்தான். தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேமிக்கும் இடம் நிறைந்த பிறகு, மிஞ்சின கொழுப்பு கல்லீரலில் படிகிறது. அங்கிருந்து கணையத்துக்கும் போகிறது. கல்லீரல் இன்சுலினின் பேச்சைக் கேட்க மறுக்கிறது. கணையம் சோர்ந்து போகிறது. எடை குறையும்போது முதலில் கல்லீரலும் பிறகு கணையமும் இந்தப் பாரத்தை இறக்கி வைக்கின்றன. நோய் வந்து அதிக காலம் ஆகாதவர்களுக்குக் கணையம் மீண்டும் விழித்துக்கொள்கிறது.

இதையே பெரிய அளவில் செய்து பார்த்த பரீட்சையின் முடிவு 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியாயிற்று. டெய்லருடன் கிளாஸ்கோவைச் சேர்ந்த மைக்கேல் லீன் சேர்ந்து நடத்தியது அது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் சாதாரண வைத்தியசாலைகளில், ஏறக்குறைய முந்நூறு பேரை இரு பாதியாகப் பிரித்தார்கள். எல்லோரும் நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்ளாதவர்கள், பருத்த உடம்பினர். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரையில் சோறு, ரொட்டி ஒன்றும் கிடையாது; நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி வரை தரும் பானம் மட்டுமே. பிறகு சில வாரங்களில் படிப்படியாகச் சாதாரண உணவு. அதற்கும் பிறகு மாதந்தோறும் துணையும் ஆலோசனையும்.

ஓராண்டு முடிவில் பானம் குடித்த பிரிவில் 46 சதவீதத்தினருக்கு நோய் தணிந்திருந்தது. மற்றப் பிரிவில் 4 சதவீதத்தினருக்குத்தான். தணிவு என்றால் என்ன? நீரிழிவு மாத்திரை ஒன்றும் இல்லாமலே மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 6.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பது. பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ இளைத்தவர்களில் 86 சதவீதத்தினருக்குத் தணிவு கிடைத்தது. இளைக்காதவர்களுக்குக் கிடைக்கவில்லை. எவ்வளவு எடை இறங்கிற்றோ, அவ்வளவு பலன்.

டப்பாவில் என்ன இருக்கிறது?

இவ்வளவையும் படித்த பிறகு டப்பாவின்மேல் எனக்குப் பக்தியே உண்டாகிவிட்டது. ஆனால் அந்தப் பரீட்சைப் பானத்தில் இருந்தவற்றின் பட்டியலைப் பார்த்ததும் பக்தி தெளிந்தது. அதன் சக்தியில் 59 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வந்தது, 26 சதவீதம் புரதம், 13 சதவீதம் கொழுப்பு, கொஞ்சம் நார்ச்சத்து. அவற்றோடு வைட்டமின்களும் தாது உப்புகளும். மூலிகையும் இல்லை, மாயமும் இல்லை. சர்க்கரை நோய்க்காரர்கள் பயப்படுகிற மாவுச்சத்துதான் அதிலும் பாதிக்கு மேல்!

அப்படியானால் வேலை செய்தது எது? அளவுதான். 840 கலோரி என்பது சுமார் 240 கிராம் அரிசியில் உள்ள சக்தி. வெறும் அரிசியைத் தின்று அந்த அளவில் நின்றால் புரதமும் வைட்டமினும் இல்லாமல் உடம்பு நலியும். ஆகையால் அவற்றையும் சேர்த்து அடைத்திருக்கிறார்கள். டப்பாவின் பெருமை இன்னொன்றும் உண்டு. அது மனிதனை யோசிக்க விடுவதில்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு, "இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளலாமா, அப்பளம் ஒன்று எடுத்தால் என்ன?" என்று நிமிஷத்துக்கு ஒரு தர்க்கம் எழுகிறது. டம்ளருக்கு முன்னால் தர்க்கமே இல்லை. குடித்தால் முடிந்தது. ஆசைக்கும் வாய்க்கும் நடுவே எழுப்பிய சுவர் என்று அதைச் சொல்லலாம்.

சுவரின் பலம் எதுவரையில்? இரண்டாம் ஆண்டு முடிவில் தணிவு 36 சதவீதமாகக் குறைந்தது. ஐந்தாம் ஆண்டு வரையில் துணை கொடுத்துக் கவனித்தவர்களில் தணிவு நிலைத்தது ஏறக்குறைய எட்டில் ஒருவருக்குத்தான். எடை திரும்பினால் நோயும் திரும்பி வந்தது. ஆகவே, "வியாதியே போய்விடும்" என்று அக்காவிடம் சொன்னவர் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறார். வியாதி தணியலாம், அது வாசலுக்கு வெளியேதான் காத்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் 5,145 பேரைக் கொண்டு நடந்த ஒரு நீண்ட பரீட்சையும் இதற்குச் சாட்சி. அங்கே முழுப் பட்டினி இல்லை. தினம் ஒன்றிரண்டு வேளைக்குப் பதில் பானம், மற்ற வேளை அளவான உணவு, நடை. முதல் ஆண்டில் சராசரியாக எடையில் 8.6 சதவீதம் குறைந்தது. பானத்தை ஒழுங்காகக் குடித்தவர்களே அதிகம் இளைத்தார்கள். பிற்பாடு பலருக்கும் எடையில் ஒரு பகுதி ஏறிவிட்டது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவை குறையவில்லை என்று கண்டு 2012-ஆம் ஆண்டில் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். சர்க்கரை, மருந்துச் செலவு, நடமாடும் சக்தி இவற்றில் நன்மை இருந்ததையும் மறுப்பதற்கில்லை.

மெலிந்த தோற்றம், பருத்த உள்ளம்

"இதெல்லாம் நூறு கிலோ எடையுள்ள வெள்ளைக்காரர்களுக்குச் சரி, நம்மவர்கள் அப்படியா இருக்கிறார்கள்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புனா நகரத்து வைத்தியர் யாக்னிக்கும், இங்கிலாந்து வைத்தியர் யூட்கினும் 2004-ஆம் ஆண்டில் தங்கள் இருவருடைய புகைப்படத்தையும் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவரும் சமம்: 22.3. ஆனால் யூட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம்! நம்மவர் வெளியே மெலிந்து தோன்றினாலும் உள்ளே கொழுப்பைச் சுமக்கக் கூடியவர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

எடையைக் கிலோவில் எழுதி, மீட்டரில் உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். இந்தியர்களுக்கு 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் பருமன் என்று வைத்தியர்கள் கணக்கிடுகிறார்கள். டெய்லரே 2023-ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு பரீட்சையில், அதிகம் பருக்காத இருபது பேரைச் சிறிது சிறிதாக இளைக்கச் செய்தார். பதினான்கு பேருக்கு நோய் தணிந்தது. அவர்களுக்குப் பதினைந்து கிலோ தேவைப்படவில்லை. பலருக்கு எடையில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டியிருக்கவில்லை. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஐந்தாறு கிலோ இறக்கினாலே மாறுதலைக் காணக்கூடும் என்பது நமக்கு நம்பிக்கை தரும் செய்தி.

யாருக்கு ஆகாது?

இனி, சரகர் சொன்ன எச்சரிக்கைக்கு வருவோம். உண்மையிலேயே மெலிந்து, எடை தானாகக் குறைந்துகொண்டே போகிற நீரிழிவுக்காரருக்கு இந்தப் பட்டினி ஆகாது. அவருக்கு இன்சுலின் குறைவாக இருக்கலாம். குழந்தைப் பருவத்திலோ இளமையிலோ இன்சுலின் சுரப்பே அற்றுப்போகும் முதல் வகை நீரிழிவுக்கு இது சிகிச்சையே அல்ல. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகம் கெட்டவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள் இதை நெருங்கவே கூடாது.

மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் ஒரு வேளை உணவைக்கூட டம்ளராக மாற்றலாகாது. மேலே சொன்ன 2017-ஆம் ஆண்டுப் பரீட்சையில், பானம் தொடங்கிய முதல் நாளிலேயே நீரிழிவு மாத்திரைகளையும் இரத்த அழுத்த மாத்திரைகளையும் வைத்தியர்கள் நிறுத்திவிட்டார்கள். பிறகு அடிக்கடி சோதித்துத் தேவைப்பட்டவர்களுக்கு மறுபடி கொடுத்தார்கள். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் ஒரு வகை மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்து நேரலாம். நிறுத்துவதும் குறைப்பதும் வைத்தியர் கையில் இருக்க வேண்டும். நாமாக நிறுத்துவது அதே அளவு ஆபத்து.

உப்பளத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். கோடை வெயிலில் பாத்திக்குள் நின்று வேலை செய்கிறவர்களின் உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வியர்வையாய் வடிகின்றன. ஆகாரத்தைப் பாதிக்குக் கீழே குறைத்தால் முதல் வாரத்தில் உடம்பு இன்னும் அதிகமாகத் தண்ணீரையும் உப்பையும் இழக்கும். இரண்டும் சேர்ந்தால் தலை சுற்றி விழ நேரலாம். முழு நாளும் பானத்தில் கழிக்கும் முறை வேலை நடக்கும் காலத்துக்கு ஏற்றதல்ல. நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர் வெறுங்காலுடன் உப்பில் நின்றால் புண் வந்ததே தெரியாது. அவருக்கு டப்பாவைவிட முதலில் வேண்டியது காலணியும், தினமும் பாதத்தைப் பார்க்கும் ஒரு கண்ணும்.

நம் ஊர்ச் சமையலறையில்

டப்பா வாங்க வழியில்லாதவர்கள் என்ன செய்வது? "கேழ்வரகுக் கூழ் இருக்கிறதே, அது போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். கூழ் நல்ல ஆகாரம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் நூறு கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி என்றால், நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி. சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு சொம்புக் கூழைக் குடித்தால் தராசு முள் நகராது. "அரிசிதான் எதிரி" என்று நினைப்பதைவிட "அளவுதான் எதிரி" என்று நினைப்பது உண்மைக்கு அருகில் இருக்கும்.

வேறு சிலர் பச்சைப் பாசிப் பொடியைத் தேடுகிறார்கள். ஆரோவில்லில் ஸ்பைருலினா என்னும் பாசியைத் தொட்டிகளில் வளர்த்துக் காயவைக்கிறார்கள். அதன் உலர்ந்த எடையில் ஐந்தில் மூன்று பங்கு புரதம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு சிறு கரண்டி, அதாவது ஐந்து கிராம், தின்றால் கிடைக்கும் புரதம் மூன்று கிராம். ஒரு கோழி முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. எதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

ஒரு வேளைச் சோற்றுக்குப் பதிலாக நம் சமையலறையிலேயே ஏற்பாடு செய்யலாம். ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டல், ஒரு முட்டை, அல்லது ஒரு கிண்ணம் தயிர், எண்ணெய் அதிகம் விடாத கீரை அல்லது வெள்ளரிக்காய், நீர்மோர். மொத்தம் சுமார் முந்நூறு கலோரிக்குள் அடங்கும். புரதம் பதினைந்து கிராமுக்குக் குறையாது. ஒரு டம்ளர் பானத்துக்கு இது இளைத்ததல்ல. இது நாமே அளக்க வேண்டிய ஆகாரம். டப்பாவைப் போல் நமக்காக அளந்து வைத்திருப்பதல்ல. அந்த ஒன்றுதான் வித்தியாசம். மனத்தைக் கட்டுப்படுத்த முடியாதவருக்குச் சில வாரம் டப்பா உதவினால் அதை வெறுக்கவும் வேண்டாம்.

2022-ஆம் ஆண்டில் சென்னை ஆராய்ச்சியாளர்கள் நம் நாட்டு உணவைப் பற்றி ஒரு கணக்கை வெளியிட்டார்கள். நம்மவர்களின் சக்தியில் அறுபது முதல் எழுபத்தைந்து சதவீதம் வரை மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நோய் தணிய அதைச் சுமார் ஐம்பது முதல் ஐம்பத்தைந்து சதவீதத்துக்குள் இறக்கி, புரதத்தை இருபது சதவீதத்துக்கு உயர்த்த வேண்டும் என்பது அவர்கள் முடிவு. எளிய பாஷையில் சொன்னால், சோற்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பையும் கடலையையும் மீனையும் வைக்க வேண்டும்.

மறுபடியும் இலைக்கு முன்னால்

பானம் குடிப்பது கஷ்டமே அல்ல. கஷ்டம் பானத்தை நிறுத்திய பிறகுதான். மூன்று மாதம் பெட்டியில் பூட்டி வைத்த ஆசை, திறந்த உடனே பாய்கிறது. அதுவும் விருந்தோம்பலுக்குப் பேர்போன நாடு நம்முடையது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணந்தான் என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். அங்கே வந்த பாணர்களுக்கு உபசாரம் நடந்ததாகப் புலவர் பாடியிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தை ஒரு டப்பாவால் வெல்ல முடியுமா? கல்யாண வீட்டில், "கொஞ்சம் பாயசம், ஒன்றும் செய்யாது" என்று அன்போடு ஊற்றும் கைதான் நீரிழிவுக்காரருக்கு நேரும் பெரிய சோதனை. அந்தக் கை நம்முடையதாக இராமல் பார்த்துக்கொள்வது நாம் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய உதவி.

சென்ற மாதம் மறுபடியும் மரக்காணம் போயிருந்தேன். அக்கா வைத்தியரின் யோசனைப்படி நடக்கிறாள். இரவு ஒரு வேளைக்குச் சுண்டலும் மோரும். மற்ற வேளைகளில் அளவான உணவு. கிளைமெபிரைட் மாத்திரையை வைத்தியர் முதலிலேயே நிறுத்திவிட்டார். வேறு மாத்திரை ஒன்று மட்டும் தொடர்கிறது. ஏழு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு 8.4-இலிருந்து 6.9-க்கு வந்திருக்கிறது. தணிவு என்று சொல்வதற்கு இன்னும் வழி இருக்கிறது. ஆனால் கிணற்றடியில் மறுபடி யாரும் விழவில்லை.

டப்பாவைக் காணவில்லையே என்று அலமாரியைப் பார்த்தேன். கழுவித் துடைத்து மிளகாய் போட்டு வைத்திருந்தாள். அதன் பக்கத்தில் பளபளவென்று தேய்த்த ஒரு பித்தளை ஆழாக்கு இருந்தது. எங்கள் அம்மா சீதனமாகக் கொடுத்தது. பல வருஷமாகப் பரணில் கிடந்தது.

"இது எதற்கு அக்கா?"

"இதால் அளந்துதான் தினமும் அரிசி போடுகிறேன். முன்னெல்லாம் கை போன போக்கு."

"நீயுமா மாமா?" என்று திரும்பினேன்.

"எல்லோருக்கும் சேர்த்துத்தான் அளவு, தம்பி" என்று மாமா பெருமூச்சு விட்டார்.

அன்றைக்கு என் இலையிலும் ஒரே ஒரு தட்டுச் சோறுதான் விழுந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போதும், தம்பி" என்றாள். அந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் உண்டென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.